வால்வு அண்ணனின் மூணாவது மாடி

எங்கள் ஊரில் கவுன்சிலர் இல்லாமல் ஆறு மாதம் ஓட்டலாம். செயல் அலுவலர் இல்லாமல் ஒரு வருடம்கூட ஓட்டலாம், ஓட்டியும் இருக்கிறோம். வால்வு அண்ணன் இல்லாமல் ஒரே ஒரு காலைப்பொழுதை ஓட்ட முடியாது. ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே இருக்கும் ஒரு பேரூராட்சி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராது என்று என் மனைவி பயப்படுகிறாள்.

ஆளுயர இரும்புச் சாவி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு மொபெட்டில் வருவார். தெருமுனைக் குழிக்குள் சாவியை இறக்கி நாலு திருகு திருகினால் எங்கள் குழாய்களுக்கு உயிர் வரும். அவருடைய அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர். மகன் பேரூராட்சிச் சட்டை போட்டதில் அந்தக் குடும்பத்துக்கே பெருமை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம்.

வார்டு வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் நேரத்தைச் சொல்ல மட்டும்தான் அவரைச் சேர்த்தார்கள். ஒரே மாதத்தில் அலுவலகத்தின் அத்தனை அறிவிப்புகளையும் அவரே எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் குரல் பதிவு வரும்.

“வார்டு மக்களுக்கு வணக்கம், ஸலாம், ஸ்தோத்திரம். நாளைக்கு மண்டபத்துல கண்ணு முகாம். கண்ணு தெரியாதவங்க எழுத்து படிக்க முடியாதுன்னுதான் வாயால சொல்றேன். அப்புறம், நாயிக்குக் கருத்தடை பஸ் ஸ்டாண்டு பின்னாடி. மனுசங்களுக்கு ஆஸ்பத்திரியில. மாறிப் போயிடாதீங்க. பச்சை கேட்டு வூட்டுக்காரம்மா, மோட்டார் வெச்சு உறிஞ்சாதீங்க. உறிஞ்சுற சத்தம் இந்தப் பதிவுலயே கேக்குது பாருங்க.”

கேட்டது. நாங்கள் எல்லோரும் இரண்டு தடவை போட்டுக் கேட்டோம்.

செயல் அலுவலர் கூப்பிட்டு அதட்டினார். “நீ என்னய்யா கவுன்சிலரா?”

“இல்லீங்க சார். கவுன்சிலர் சொன்னா யாரும் காது குடுக்க மாட்டேங்கறாங்க, அதான்.”

அதற்குப் பிறகு அவரை யாரும் தட்டிக் கேட்கவில்லை. பூங்காவில் விளக்கு போட்டதும், சுகாதார நிலையத்தில் பல் டாக்டர் வரும் கிழமையும், எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதும் எங்களுக்கு அவர் வாய்வழியாகவே தெரிந்தன.

ஊருக்கு வெளியே ஏரிக்கரையோரம் வீடில்லாதவர்களுக்கு அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி முடித்தபோது வால்வு அண்ணனின் குரல் ஏறிவிட்டது. அவரும் மனுப் போட்டிருந்தார். அவர் மனைவி லூர்தக்காவுக்குச் சர்க்கரை வந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். வாரம் இரண்டு தடவை புண்ணுக்குக் கட்டு மாற்ற பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒழுகுகிற வாடகை வீட்டிலிருந்து தரைத்தள வீட்டுக்குப் போய்விட்டால் அந்த அம்மாள் ஒரு நாளாவது தானாக வாசலுக்கு வந்து வெயில் காய்வார். வால்வு அண்ணன் கேட்டது அவ்வளவுதான்.

“நடக்க முடியாதவங்க வூட்ல இருந்தா கவனமா கேளுங்க,” என்றது பதிவு. “புதன்கிழமை பெரம்பலூர்ல மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாம். டாக்டருங்க மத்தியானம் வரைக்கும்தான் இருப்பாங்க. அட்டை இருந்தா கீழ் வூடு. இல்லைன்னா குலுக்கல். குலுக்கல்ல எந்த மாடி வரும்னு அந்த ஏலாக்குறிச்சி மாதாவுக்குத்தான் தெரியும். ஏமாந்து போயிடாதீங்க.”

வார்டில் ஏழெட்டுப் பேர் அதைக் கேட்டுப் போய் அட்டை வாங்கினார்கள். வால்வு மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் நான்.

அந்தப் புதன்கிழமை என் மகளைப் பெண் பார்க்க தா.பழூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் குரலை உயர்த்திப் பழகியவன். வால்வுக்கு ஆறு தடவை போன் செய்தேன். ஆறாவது தடவை, “சம்பளம் வாங்குறீங்கள்ல?” என்றும் கேட்டுவிட்டேன்.

“இந்தா வந்துட்டேன் சார்” என்று வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒட்டச் சீவிய தலை. “என்னண்ணே, உங்களையும் பொண்ணு பாக்க வராங்களா?” என்று கேட்டு நானே சிரித்துக்கொண்டேன். அவரும் சிரித்தார். குழிக்குள் வால்வின் தண்டு முறிந்து கிடந்தது. வெள்ளைச் சட்டையோடு சேற்றில் இறங்கினார். தெருமுனையில் ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே ஓர் அம்மாள் மடியில் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் வந்தபோது மணி இரண்டு. பஜ்ஜி நன்றாக இருந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள்.

குலுக்கலில் வால்வுக்கு மூன்றாவது மாடி விழுந்தது. லிஃப்ட்டுக்கென்று விட்டிருந்த இடத்தில் சைக்கிள்கள் நின்றன. வாரம் இரண்டு நாள் அவர் மனைவியை முதுகில் உப்பு மூட்டை தூக்கி இறக்கினார், திரும்ப ஏற்றினார். யாராவது பரிதாபப்பட்டால், “எங்க வூட்டுக்கு லிஃப்ட்டு உண்டுங்க, பேரு வால்வு,” என்பார்.

இரண்டு மாதம் கழித்து அதே ஆட்டோவில் போகும்போது, “ஊருக்கெல்லாம் முகாம் சொன்ன மனுசன் தன் பொண்டாட்டிக்கு ஒரு அட்டை வாங்க மாட்டாரா?” என்று ஓட்டுநரிடம் அங்கலாய்த்தேன்.

அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உங்க தெருவுல வால்வு ஒடைஞ்ச அன்னைக்குத்தான் சார் முகாமு. அந்தக்கா என் வண்டியிலதான் காலையிலருந்து உக்காந்திருந்துச்சு. நாங்க போய்ச் சேர்றப்ப டாக்டருங்க கெளம்பிட்டாங்க.”

பாதி வழியில் இறங்கிக்கொண்டேன்.

அடுத்த முகாமில் நானே அவர்களை அழைத்துப்போய் அட்டை வாங்கிக் கொடுத்தேன். கீழ் வீட்டுக்கு மாற்றக் கேட்டு மனு எழுதி, மேசை மேசையாக அலைந்தேன். “சாருக்கு என் மேல திடீர்னு என்ன இவ்ளோ பாசம்?” என்று வால்வு கிண்டல் செய்தார். மனுவில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு காலையில் பதிவு வந்தது.

“வார்டு மக்களுக்கு வணக்கம். இன்னைக்குத் தண்ணி ஒரு மணி நேரம் லேட்டாகும். மன்னிச்சுக்கங்க. எங்க வூட்ல லூர்து தவறிட்டா.”

சரியாக ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் வந்தது. அவரேதான் வந்து திறந்துவிட்டுப் போயிருந்தார். பச்சை கேட்டு வீட்டில் அன்று மோட்டார் ஓடவில்லை.

தரைத்தள வீட்டுக்கான உத்தரவு, அடக்கம் முடிந்து பதினாறு நாள் கழித்து வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு நானே மூன்று மாடி ஏறினேன். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். ஒரு மனுஷியைச் சுமந்துகொண்டு இதில் எப்படித்தான் ஏறினாரோ.

வால்வு காகிதத்தைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இத எதுத்த வூட்டுல பக்கவாதம் வந்து கெடக்கற டெய்லருக்கு மாத்திவுட்டுருங்க சார். நான் இங்கயே இருந்துக்கறேன்.”

“அண்ணே, அன்னைக்கு நான் மட்டும் போன் பண்ணாம இருந்திருந்தா…”

“அட வுடுங்க சார். பொண்ணு பாக்க வந்தவங்க கை கழுவ வேணாமா?” என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

“முப்பது வருசம் சார். நான் விடியறதுக்கு முன்னாடி வால்வு தொறக்கப் போயிடுவேன். அவ காட்டு வேலைக்குப் போயிடுவா. ரெண்டு பேரும் நெறைய பேசிக்கிட்டதே இல்ல. இந்தப் படியிலதான் பேசினோம். ஒவ்வொரு மாடிக்கும் எறக்கி உக்கார வெச்சு மூச்சு வாங்குவேன்ல, அப்ப. ரெண்டாவது மாடித் திருப்பத்துலதான் ரொம்ப நேரம் உக்காருவா. ‘இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போலாங்க’ம்பா. அந்த எடத்துல நான் யாரையும் செருப்பு வைக்கக்கூட வுடறதில்ல. கீழ் வூட்டுக்குப் போனா எனக்கு ஏது சார் படி?”

நான் எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு இறங்கியதும் நின்றேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆட்டோவுக்குள் காத்திருந்த அந்த அம்மாளிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வால்வு அண்ணன் நின்றிருந்தார். அந்த இடத்திலிருந்து எழுப்பிவிடப் போகிறார் என்று பதறி எழப்போனேன்.

“உக்காருங்க சார், உக்காருங்க,” என்றார். “இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போலாம்.”