வாய்க்கால் மேட்டு வீடுகளும் உங்கள் அக்காவும்

செங்கரட்டுப்புதூர்,
பொள்ளாச்சி வழி.
ஆவணி 4.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை பாலுசாமி அவர்களுக்கு, மாமன் திருமூர்த்தி எழுதிக்கொள்வது.

இங்கே மழை உண்டு, காற்று உண்டு, தேங்காய்க்கும் குறைவில்லை. நிம்மதி மட்டும்தான் இல்லை. மேட்டுப்பாளையத்தில் தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் பாக்கு மண்டியும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் சொல்லும் எதையும் நான் இனி நம்புவதாக இல்லை. காரணம் கீழே வரும். பொறுமையாகப் படிக்கவும்.

உங்கள் அக்கா குழந்தையம்மாள் எங்கள் ஊராட்சியில் நாலாவது வார்டு மெம்பர் என்பது தாங்கள் அறிந்ததே. பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டு என்பதால் அவள் பெயரில் நின்று நான் ஜெயித்தேன். இத்தனை வருஷமாகத் தீர்மானங்களை நான் படிப்பேன், கையெழுத்தை அவள் போடுவாள். எந்தக் குறையுமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. போன மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் தோப்பை ஒட்டி மேற்கே இரண்டரை ஏக்கர் புறம்போக்கு இருக்கிறதல்லவா, வாய்க்கால் மேட்டில் குடிசை போட்டிருக்கும் முப்பத்தாறு குடும்பங்களுக்கு அங்கே ஆளுக்கு மூன்று சென்ட் பட்டா கொடுத்து வீடு கட்டித் தரலாமா, ஊராட்சிக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு என்று நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஒன்பது மெம்பர்களில் நாலு பேர் வேண்டும் என்றார்கள், நாலு பேர் வேண்டாம் என்றார்கள். தலைவர் சென்னகேசவன், "எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம் நானுங்க" என்று கழன்றுகொண்டார். மிச்சமிருந்த ஒருத்தி உங்கள் அக்கா. அதாவது நான்.

மாப்பிள்ளை, நான் சும்மா இருக்கவில்லை. நாலு நாள் உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதினேன். குடிதண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, புதுக் குடித்தனம் வந்தால் அதுவும் வராது, தோப்பில் தேங்காய்த் திருட்டு பெருகும், ரோடு தாங்காது, கடைசியாக மயில். அந்தப் புறம்போக்கில் மயில்கள் உலாவுவதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன், படித்தால் தாங்களே கண் கலங்குவீர்கள். அடுக்களையில் வைத்துத் தினமும் அவளுக்குப் படிக்கப் பழக்கினேன். "மயிலு எங்கீங்க போயிரும்? நம்ம தோப்புக்குத்தான வரும்?" என்று ஒரு நாள் கேட்டாள். "அது உனக்கெதுக்கு, படி" என்றேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூட்டத்தன்று அவளை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஒன்றியத்திலிருந்து ஷ்ரவ்யா என்று ஓர் அதிகாரிப் பெண் வந்திருந்தது. என் மகள் லோகப்பிரியா வயதுதான் இருக்கும். நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரப் போனேன். "சார், நீங்க மெம்பரா?" என்று கேட்டது. "மெம்பரோட ஊட்டுக்காரருங்க" என்றேன். "அப்ப வெளியில இருங்க சார், ஊட்டுக்காரங்க அத்தனை பேருமே" என்றது. மூன்று வீட்டுக்காரர்கள் எழுந்து வெளியே வந்தோம். மற்ற இருவரும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய் நின்றுகொண்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலுக்கு அடியில் பழைய பெயின்ட் டப்பா ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன்.

உங்கள் அக்கா எழுந்தாள். பேச்சை எடுத்தாள். ஓர் எழுத்து தப்பாமல், நான் எங்கே நிறுத்தச் சொன்னேனோ அங்கே நிறுத்தி, நாலு பக்கத்தையும் படித்தாள். மயிலைப் பற்றிய இடத்தில் குரலைக்கூட இறக்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தொட்டியடியில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவள் தாளை நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள்.

"இது எங்க ஊட்டுக்காரரு சொன்னதுங்க. படிக்கறேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருந்தேன், படிச்சுப்போட்டேன். இனி மெம்பர் சொல்றதுங்க" என்றாள்.

மாப்பிள்ளை, அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"அந்த எடத்துல நாங்க தேங்கா காயப்போடறோமுங்க. பதினஞ்சு வருசமா எங்க களம் அதுதான். இந்தத் தாள்ல அதை மட்டும் எழுதாம உட்டுட்டாரு. தண்ணி பத்தாதுங்கறது நெசம். அதுக்கு இன்னொரு தொட்டி கேப்போம், எல்லாருக்கும் சேத்தி. மத்ததெல்லாம் எழுதினவருக்கே நம்பிக்கை இல்லீங்க" என்றாள். பிறகு நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"எங்க களத்துல தேங்கா உரிக்கற சீனிவாசலுவை எல்லாருக்கும் தெரியும். போன ஐப்பசி மழையில அவங்க செவுரு இடிஞ்சு அவன் பொண்டாட்டி மேல உழுந்துச்சு. மூணு நாளு பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில நான்தான் அவகூட இருந்தேன். ஊட்டுக்கு அனுப்பறப்ப சீட்டுல எழுத அட்ரஸ் கேட்டாங்க. வாய்க்கா மேடுன்னா. கதவு நம்பர் சொல்லுங்கன்னாங்க. அவ என்ற மூஞ்சியப் பாத்தா. நான் எங்க ஊட்டு நம்பரைச் சொல்லிப்போட்டேன். அந்தச் சீட்டுப்படி அவ இன்னிக்கும் எங்க ஊட்லதான் இருக்கறாளுங்க. பொய்யி எத்தனை நாளைக்குங்க ஆகும்? அவளுக்குன்னு ஒரு நம்பர் குடுத்துருங்க. எனக்கு ஆட்சேபணை இல்லீங்க."

பொள்ளாச்சி ஆஸ்பத்திரி என்றதுமே நான் மனதுக்குள் நாள் எண்ணத் தொடங்கிவிட்டேன். போன ஐப்பசியில் மூன்று நாள் அவள் மேட்டுப்பாளையத்தில் தங்கள் வீட்டில் இருந்ததாகத்தானே எனக்குச் சொல்லப்பட்டது? நான் போன் செய்தபோது, "அக்கா இப்பத்தானுங்க மாமா கண்ணசந்துச்சு, எழுப்பட்டுங்களா?" என்று கேட்டது யார்? "வேண்டாம், தூங்கட்டும்" என்று சொன்ன முட்டாள் யார்? இதை யோசித்துக்கொண்டே காலை மாற்றி வைத்தேன். டப்பா உருண்டது. நான் கீழே. தொட்டியடியிலிருந்து இருவரும் ஓடிவந்து தூக்குவதற்குள் உள்ளே கை தூக்கி முடித்துவிட்டார்கள். என் வீட்டு ஓட்டு எந்தப் பக்கம் போனது என்பதைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. தலைவரைச் சேர்க்காமல் அஞ்சுக்கு நாலு என்று பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து முழங்கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாள். "எங்கிட்டயே பொய் சொல்லிப்போட்டயல்லோ" என்றேன். "நெசத்தைச் சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள். விட்டிருக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். "அப்பறம் என்னுங்க" என்று உள்ளே போய்விட்டாள். நான் ஒன்றும் ஈரமில்லாதவன் அல்ல, மாப்பிள்ளை. சுவர் விழுந்தது தெரிந்த அன்றே ஒரு சிப்பம் அரிசி அனுப்பினேன். ஆனால் கூட்டம் நடந்த நாளிலிருந்து களத்துக்குப் போனால் சரியாக உட்கார முடியவில்லை. சீனிவாசலு பாரையில் தேங்காய் குத்தி உரிக்கிறான், நான் பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் வேலைக்கு வருகிறான். அவன் பொண்டாட்டிக்கு அடிபட்டது எந்தக் கையில் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. ஒரு வேலைக்காரனிடம் கேட்க இத்தனை யோசிக்க வைத்துவிட்டாள் உங்கள் அக்கா.

ஆகவே தாங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவசியம் வந்து, அக்காவைக் கண்டித்து, மெம்பர் பதவியை எழுதிக் கொடுத்துவிடச் சொல்ல வேண்டும். தீர்மானத்தைத் திரும்ப எடுக்க வைக்கும் வழியை நான் பார்த்துக்கொள்கிறேன். தாங்கள் சொன்ன பொய்யை அன்றைக்கே மன்னித்துவிடுகிறேன். தங்கள் குடும்பத்துக்கும் மண்டிக்கும் மாசாணியம்மன் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
வருத்தத்துடன் மாமன்
திருமூர்த்தி

பின்குறிப்பு: இதை எழுதிச் சட்டைப்பையில் வைத்துப் பத்து நாளாகிவிட்டது, தபாலில் போடவில்லை. இன்று காலை சர்வேயர் வந்து புறம்போக்கை அளந்தார். நான் அங்கே போனது ஆட்சேபிக்கத்தான். ஆனால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை, என் கையில் கொடுத்துவிட்டார்கள். மத்தியானம் வரை பிடித்தேன். தன் மூன்று சென்ட்டில் சீனிவாசலு சம்சாரத்தோடு நின்றிருந்தார். அந்த அம்மாவுக்கு அடி இடது கையில். விரல்கள் மடங்கவில்லை. "ஏனுங்க அய்யா, வாசலை எந்தப் பக்கம் வெக்கறதுங்க?" என்று சீனிவாசலு என்னிடம் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, மாப்பிள்ளை. "மேக்கால வெக்காதயப்பா, ஆடிக் காத்துல ஊடு பூராவும் மண்ணாப் போயிரும். கெழக்கால வையி" என்று சொல்லிப்போட்டேன். கிழக்கே இருப்பது என் தோப்பு. பெரியவர்கள் யாரும் வேண்டாம். தாங்கள் மட்டும் வரவும். கொப்பரை காயப்போட வேறு இடம் பார்க்க வேண்டும்.