பச்சை விளக்கு எரிந்த தலை

இரும்புலியூரில் அந்தப் பள்ளிக்கூடத்தின் முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை. ஜி.எஸ்.டி. சாலை வரை பெற்றோர் வரிசை. உள்ளே டாக்டர் ‘நியூரோ’ சிவகுமார் வந்திருந்தார். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டு போட்டிருந்தார், போதாதா?

அவரிடம் ஒரு பட்டை. பிள்ளையின் தலையில் மாட்டினால் மூளையின் அலை வானத்துக்குப் போய், அவருடைய லேப்டாப்பில் இறங்கி, வகுப்பறை ஸ்மார்ட் போர்டில் எதிர்காலமாக எரியுமாம். பச்சை என்றால் டாக்டர், இன்ஜினியர். சிவப்பு என்றால் படிப்பு ஏறாது. கிளி ஜோசியத்தைப் பார்த்துச் சிரிக்கிற சனம்தான். கிளிக்குப் பதில் ப்ளூடூத் என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனது.

பத்தாவது முடித்த வினிதாதான் கணக்கில் பள்ளிக்கே முதல். அவளுக்குச் சிவப்பு எரிந்தது.

“ரிப்போர்ட் இப்படி வந்துடுச்சும்மா. கம்ப்யூட்டர் குரூப் தர முடியாது,” என்றார் தலைமையாசிரியர் அசரியா.

அவள் அம்மா கிளியம்மாள் பள்ளி வாசலில் தர்பூசணி விற்பவள். “நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கிகீது சார் எம் பொண்ணு. அத்த வுட்டுட்டு லைட்டப் பாக்குறீங்களே?”

“மார்க் பழசும்மா. இது ஃப்யூச்சர்,” என்றார் சிவகுமார்.

“ஸ்பெஷல் பீஸு கட்டுனவன் புள்ளைக்கு மட்டும் பச்சையா எரியுதே, அது இன்னா ஃப்யூச்சரு?”

கணக்கு டீச்சர் ஹெப்சி எழுந்தார். “சார், பட்டை தானா படிக்கும்னுதானே சொல்றீங்க? நீங்க லேப்டாப்போட பக்கத்து ரூம்ல இருங்க. நாங்க இங்க மாட்டிட்டு, பேரையும் கட்டுன பீஸையும் மட்டும் எழுதி அனுப்புறோம்.”

“தாராளமா மேடம்! டெக்னாலஜிக்குச் சுவர் ஏது?”

சீட்டு போனது: ‘ஜேசன். ஸ்பெஷல் பீஸ்.’

இரண்டே நிமிடம். போர்டில் பச்சை! ‘ஜேசன்: அபார ஞாபகசக்தி. தலைமைப் பண்பு. கொஞ்சம் கூச்ச சுபாவம். ஐ.ஐ.டி. உறுதி.’

சிவகுமார் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். முதல் பெஞ்சில், பட்டை மாட்டிக்கொண்டு, ஆறு கிலோ தர்பூசணி ஒன்று அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

“இது... நெட்வொர்க் பிராப்ளம்...”

கிளியம்மாள் கத்தியை எடுத்தாள். வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரியே முக்கோணமாக ஒரு துண்டு அறுத்து நீட்டினாள். “இந்தா சார், ஐ.ஐ.டி. மூளை. துண்ணு பாரு. ஜாக்கிரதை, கொட்டை கீது.”

சிரிப்பில் பெஞ்சு ஆடியது. சிவகுமார் பட்டையைக்கூட எடுக்காமல் பின்வாசல் வழியாக ஓடினார். அசரியா யார் முகத்தையும் பார்க்காமல் வினிதாவின் விண்ணப்பத்தில் ‘கம்ப்யூட்டர் குரூப்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹெப்சி போர்டிலிருந்த பச்சையை அழித்துவிட்டு ஒரு கணக்கைப் போட்டார். அதே போர்டுதான். அதற்கு என்ன தெரியும், பாவம்!

ஒரு தர்பூசணி வாங்குகிறவன்கூட, “அறுத்துக் காட்டு” என்கிறான். பிள்ளையின் வாழ்க்கையை விலைபேச வந்தவர்களுக்கு மட்டும் அந்த வாய் வரவில்லை. பட்டை மாட்டத்தான் தலை என்றால், அதற்குத் தர்பூசணியே போதுமே!