கொய்யா மாப்பிள்ளையின் இலந்தைச் சான்றிதழ்

ஒரு காட்டில் ஓர் இலந்தை மரமும், வனக்காவலர் குடியிருப்பை ஒட்டி ஒரு கொய்யா மரமும் இருந்தன. காடு என்றதும் சிங்கத்தை எதிர்பார்க்காதீர்கள். இது பழ ஈக்களின் கதை.

ஆதியில் எல்லா ஈக்களும் இலந்தையில்தான் பிறந்தன. வீடு குறுகல், நடுக்கூடத்தில் கொட்டை வேறு. காவலர் கொய்யா வைத்ததும் நாலு குடும்பம் வசதி பார்த்து அங்கே குடிபோனது. பேரன் பேத்தி எடுப்பதற்குள் அவர்கள்மேல் கொய்யா வாசம் ஏறிவிட்டது. ஈக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்ப்பதெல்லாம் கிடையாது. பெண்தான் மாப்பிள்ளையை மோந்து பார்ப்பாள். தான் பிறந்த பழத்தின் வாசம் அடித்தால் சம்மதம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். இப்படியே போய், சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலே இரண்டு மரத்துக்கும் கொள்வினை கொடுப்பினை அற்றுப்போயிற்று.

தவசி கொய்யாவில் பிறந்தவன், அதுவும் பருவத்தின் கடைசிப் பழத்தில். இறக்கையை உலர்த்திக்கொண்டு அவன் வெளியே வந்தபோது மரத்தில் பழமும் இல்லை, பெண்ணும் இல்லை. ஓர் ஈக்கு ஆயுசே இருபது நாள். அதில் எட்டு நாள் வெறும் இலையைச் சுற்றியே கழிந்தது. கல்யாணமாகாமலே செத்துப்போவோமோ என்று பாவம், அழுதேவிட்டான்.

ஒன்பதாம் நாள் துணிந்து இலந்தைக்குப் பறந்தான். அங்கே அப்போதுதான் பருவம் தொடங்கியிருந்தது. ஒரு பழத்தின்மேல் பூவாயி என்கிற ஈ உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இறக்கையை விரித்து ஓர் ஆட்டம் போட்டான்.

"ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. மூஞ்சியும் குத்தமில்ல," என்றாள் பூவாயி. "ஆனா வாசம் ஒத்துவரலியே."

"குளிச்சிட்டு வரட்டுமா?"

"குளிச்சாப் போற வாசமா இது? நாளைக்கு நமக்குப் பொறக்குற பிள்ள கொய்யாவுக்குப் போகுமா, இலந்தைக்கு வருமா? ரெண்டும் புரியாம நடுவுல கெடந்து பட்டினில சாகும். நீங்க இலந்தைதான்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. என் மூக்கைச் சமாதானம் பண்ணிப் பாக்குறேன்."

அவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. மூக்குதான் விடவில்லை.

காட்டின் சான்றிதழ் அதிகாரி நத்தை. அலுவலக வாசலில் நீள வரிசை. தவசிக்கு முன்னால் ஒரு பச்சோந்தி. வரிசையில் யாரும் யாரையும் தின்னக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருந்ததால் தவசி பிழைத்தான்.

"நிறத் திருத்தம் தம்பி, ஒம்பதாவது தடவை வர்றேன்," என்று பச்சோந்தி நொந்துகொண்டது. "அவரு பச்சைன்னு எழுதி முடிக்கறதுக்குள்ள நான் பழுப்பாயிடுறேன்."

மூன்று நாள் கழித்து தவசியின் முறை வந்தது.

"பொறந்த பழம்?" என்றது நத்தை.

"கொய்யாங்க ஐயா. இலந்தைன்னு மாத்தணும்."

"காரணம்?"

"கல்யாணங்க."

"ஆதாரம்?"

"எங்க முப்பாட்டன் இலந்தையில பொறந்தவருங்க."

நத்தை எழுதத் தொடங்கியது, நாளைக்கு ஒரு வரி. எழுதி முடித்ததும் முத்திரையை ஒட்டக் கோந்து இல்லை. "உங்க மேலயே அவ்வளவு பசை இருக்கேங்க ஐயா," என்று தவசி கெஞ்சினான். "சொந்தப் பசையை அரசாங்க வேலைக்குப் பயன்படுத்த விதியில இடமில்ல," என்றது நத்தை. கடைசியில் ஓர் இலந்தைப் பழத்தை நசுக்கி, தாள் முழுக்க அப்பி, முத்திரையை ஒட்டிக் கொடுத்தது.

பத்தொன்பதாம் நாள், தாளை இழுத்துக்கொண்டு வந்து பூவாயி முன்னால் போட்டு, அதன்மேலேயே சுருண்டு விழுந்தான் தவசி. பூவாயி ஓர் எழுத்தும் படிக்கவில்லை. மோந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இலந்தையேதான்!"

சந்தோஷத்தில் அவன் துள்ளிக் கீழே குதித்தான். உடனே அவள் முகம் சுளித்தாள். அவன் மறுபடி ஏறினான். முகம் மறுபடி மலர்ந்தது.

"சான்றிதழை விட்டு மட்டும் எறங்கிடாதீங்க," என்றாள் பூவாயி.

"சாகுற வரைக்கும் எறங்க மாட்டேன்," என்றான் தவசி.

சொன்னபடியே செய்தான். தாளின்மேலேயே கல்யாணம் நடந்தது. மறுநாள் தாளின்மேலேயே நிம்மதியாகக் கண்ணை மூடினான். மூக்கை நம்பிய பூவாயி முட்டைகளையெல்லாம் அந்த இலந்தைப் பசையிலேயே இட்டாள்.

பிள்ளைகள் பசையையும் தாளையும் தின்று வளர்ந்தன. சிறகு முளைத்ததும் கொய்யாவையும் பார்க்கவில்லை, இலந்தையையும் பார்க்கவில்லை; நேராக நத்தையின் அலுவலகத்துக்குப் பறந்தன. இன்றைக்கு அவற்றின் வம்சம் அங்கேதான் பெருகிக் கிடக்கிறது. பழைய கோப்பில் பிறக்காத மாப்பிள்ளையை அந்த வீட்டுப் பெண்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முப்பாட்டன் பெயர் என்ன என்று கேட்டால் மனு எண்ணைச் சொல்கின்றன.

நீதி: கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தமும் பார்க்க வேண்டாம், ஒரு சான்றிதழ் போதும். அதற்கு லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், வம்சம் நின்றுபோகும்.