ஷாஜகானைப் பிடிக்காத வீடு

சரித்திரம் படித்து வாத்தியார் ஆனவர்கள் உண்டு. கலெக்டர் ஆனவர்கள் உண்டு. ஒன்றுமே ஆகாதவர்கள் ஏராளம். ஆனால் சரித்திரத்தை வைத்து வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் மைசூரில் இருக்கிறார். ஊரே அவரை சாம்ராட் என்றுதான் கூப்பிடும். அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று கேட்டால், "அது ஆதார் கார்டுல பத்திரமா இருக்குதுங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

கர்நாடக எல்லையோரத்து ஹனூர் பக்கத்துத் தமிழர். தொழில் வீட்டு புரோக்கர். ஒரு பழைய மொபெட், தலைக்குப் பொருந்தாத பெரிய ஹெல்மெட், பாக்கெட் நிறைய அடுத்தவர் வீட்டுச் சாவிகள். சரஸ்வதிபுரத்தில் அவர் ஒரு தெருமுனையில் திரும்பினால் அடுத்த தெருவில் சாவிச் சத்தம் கேட்கும். எந்த வீட்டைக் காட்டினாலும், "மொட்டை மாடில நின்னா சாமுண்டி மலை தெரியுமுங்க" என்பார். தெரியும்தான். அந்த மலை மைசூரில் எங்கே நின்றாலும் தெரியும்.

மற்ற புரோக்கர்கள் என்ன கேட்பார்கள்? என்ன வேலை, எத்தனை பேர், கறி சமைப்பீர்களா, எந்த ஆட்கள் என்று வரிசையாகக் கேட்டு நம்மைப் பிழிந்து எடுப்பார்கள். சாம்ராட் இரண்டே கேள்விதான் கேட்பார்.

"சரித்திரத்துல உங்களுக்கு நெம்பப் பிடிச்ச ஆளு யாருங்க? சுத்தமாப் பிடிக்காத ஆளு யாருங்க?"

வீட்டு ஓனரிடமும் இதையே கேட்டிருப்பார். இரண்டு பக்கமும் பிடிக்காதவர் ஒரே ஆளாக இருந்தால் சாவி கை மாறும். "பிடிச்ச ஆளைச் சொல்றப்போ எல்லாரும் பொய் சொல்லிப்போடுவாங்க. பிடிக்காத ஆளைச் சொல்றப்போதானுங்க உள்ளுக்குள்ள இருக்கறது வெளிய வரும். ஒரே ஆளைத் திட்டறவங்க ரெண்டு பேரு ஒரே காம்பவுண்டுல சண்டையில்லாம இருப்பாங்க" என்பது அவர் கண்டுபிடித்த சித்தாந்தம். கல்யாண புரோக்கர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

விதிமுறைகளும் உண்டு. உயிரோடு இருக்கும் தலைவர்கள் கூடாது. மைசூரை ஆண்ட ராஜா, சுல்தான் யாரும் கூடாது. "உள்ளூர் ஆளு வேண்டாமுங்க. பேச்சு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிரும்." ஹிட்லரைப் பிடிக்காது என்றால் செல்லாது. "அது பொது லீவு மாதிரிங்க, எல்லாருக்கும் உண்டு. உங்களுக்குன்னு சொந்தமா ஒண்ணு சொல்லுங்க" என்பார். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: யாரையுமே பிடிக்காமல் இல்லை, எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்பவருக்கு வீடே கிடையாது. "அப்படிச் சொல்றவன் மனசுக்குள்ள முதல் பேரா ஓனர் பேரை எழுதி வெச்சிருக்கான்னு அர்த்தமுங்க."

பிடித்தவர் பெயரை வைத்து அவர் ஜாதகமே கணித்துவிடுவார். அலெக்சாண்டர் என்று சொன்ன ஒரு கல்லூரிப் பையனுக்கு வீடு தர மறுத்துவிட்டார். "ஒரு ரூமைக் காட்டினா, மொட்டை மாடி, மோட்டார் ரூம், பக்கத்து வீட்டு மாமரம்னு போய்க்கிட்டே இருப்பானுங்க." அசோகர் என்றால் யோசிப்பார். "முதல்ல பெரிய சண்டை போடுவாரு. அப்புறம் நெம்ப வருத்தப்பட்டு வாசல்ல செடி வெப்பாரு. அந்த முதல் சண்டையை ஓனர் தாங்கோணுமே!" அக்பர் என்றால் நிம்மதி. "இட்லி மாதிரிங்க. யாரு வவுத்துக்கும் கெடுதல் இல்ல."

அவர் கையெடுத்துக் கும்பிடுவது ஒருவரைத்தான். "துக்ளக் பிடிக்கும்னு ஒருத்தர் சொல்லட்டுமுங்க, அவரு எனக்கு சாமி. தலைநகரத்தையே மாத்தினவரு, மறுபடி பழைய இடத்துக்கே வந்தவரு. இவரு வருசத்துக்கு ரெண்டு வீடு மாத்தாமலா போயிருவாரு?"

இப்படிப்பட்டவரிடம் நாங்கள் போய்ச் சேர்ந்தது ஆசைப்பட்டு அல்ல, வேறு கதி இல்லாமல். நான் சேலத்துக்காரன், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் மனைவி ஸ்டெல்லா மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். பிரசவ வார்டில் நர்ஸ். அப்போது அவளுக்கே எட்டாவது மாதம். அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஓனரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருவதால் மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போதாக்குறைக்குக் காவிரி கொதித்துக்கொண்டிருந்த வருடம். அணையில் தண்ணீர் குறையக் குறைய, "நீவு தமிளரா?" என்ற கேள்வி கூடிக்கொண்டே போகும். தமிழர் என்றால் ஒரு வீடு போச்சு. கறி என்றால் இன்னொன்று போச்சு. சிலுவை டாலரைப் பார்த்துச் சில. "குழந்தை அழுமே" என்று ஒரு வீடு. பிறக்காத குழந்தை அழும் என்று வீடு மறுக்கப்பட்டது அநேகமாக எங்களுக்குத்தான்.

ஸ்டெல்லா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் மட்டும், "பாப்பாவை எந்த வீட்டுக்குங்க தூக்கிட்டுப் போவோம்?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு வீட்டு மாடி ரொம்ப நாளாகக் காலியாக இருந்தது. ஓனர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். கன்னடத்தில் வாத்தியாரை மேஷ்ட்ரு என்பார்கள். தெருவுக்கே அவர் மேஷ்ட்ரு. வருகிறவர்களையெல்லாம் பரீட்சை வைத்துத் துரத்திக்கொண்டிருந்தார். சாம்ராட் என்னிடம் கேட்டார்.

"பிடிக்காத ஆளு யாருங்க?"

"கொலம்பஸ்" என்றேன். "எங்க மேனேஜர் மாதிரியே. எங்க போறோம்னு தெரியாமக் கிளம்ப வேண்டியது, போய்ச் சேர்ந்த இடத்துக்கு வேற பேரு வெக்க வேண்டியது, அதுக்குப் பாராட்டும் வாங்கிக்க வேண்டியது."

சாம்ராட் ஹெல்மெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "ஏனுங்க, மேஷ்ட்ருவுக்கும் அவரைத்தானுங்க ஆகாது! வழி கேக்கத் தெரியாதவன்னு மூணு வருசமாத் திட்டிக்கிட்டு இருக்காரு. வீடு உங்களுக்குத்தான். அம்மிணியையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

போனோம். அங்கே பேச்செல்லாம் கன்னடத்தில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். மேஷ்ட்ருவும் நானும் கொலம்பஸைக் கால் மணி நேரம் துவைத்துக் காயப்போட்டோம். என் அரைகுறைக் கன்னடம்கூட அவருக்கு இனித்தது. நீங்கள் தமிழரா என்று அவர் கேட்கவே இல்லை. சாம்ராட் சாவியைப் பாக்கெட்டிலிருந்து பாதி எடுத்துவிட்டார்.

அப்போதுதான் மேஷ்ட்ருவின் கை சுவரைக் காட்டியது. ஹாலின் நடுவில், அகலமான சட்டத்துக்குள் தாஜ்மகால். அதற்கு முன்னால் இளம் வயது மேஷ்ட்ரு சிரித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் அவர் மனைவி கைக்குழந்தையோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குச் சரித்திரத்துலயே பிடிச்சவர் ஷாஜகான்" என்றார் மேஷ்ட்ரு. "பெண்டாட்டி மேல இப்படி ஒரு பிரியம் வெச்ச மனுஷன் உண்டா? நீ சொல்லும்மா."

சாம்ராட்டின் முறையில் பெண்களைக் கேட்கும் வழக்கமில்லை. அதனால் ஸ்டெல்லாவுக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்பது அவருக்கும் தெரியாது, கல்யாணம் செய்துகொண்ட எனக்கும் தெரியாது.

"எனக்கு அவரைச் சுத்தமாப் பிடிக்காது சார்" என்றாள் ஸ்டெல்லா.

பாதி வெளியே வந்த சாவி மறுபடி பாக்கெட்டுக்குள் போனது.

நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டுத் தொடர்ந்தாள். "பதினாலு பிரசவம் சார். பதினாலாவதுல அந்தம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. எங்க வார்டுல நாலாவதுக்கு வந்தாலே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வெச்சுக் கத்துவோம். போனதுக்கப்புறம் பளிங்குல கட்டி என்ன பிரயோஜனம்? உயிரோட இருக்கறப்போ ஒரே ஒரு தடவை 'போதும்மா, நீ படு'ன்னு சொல்லியிருந்தா, அந்தக் கட்டடமே தேவைப்பட்டிருக்காது."

மேஷ்ட்ருவின் முகம் விடைத்தாள் திருத்துகிற முகமாக மாறியது. சாம்ராட் என் காதில், "போச்சுங்க. துக்ளக் வந்தாலும் காப்பாத்த முடியாது" என்றார். ஸ்டெல்லாவுக்கும் நிலைமை புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். நான் செருப்பைத் தேடினேன்.

"சரியாகி ஹேளிதளு ஹுடுகி!"

சரியாகச் சொன்னாள் பெண்! குரல் சமையல்கட்டிலிருந்து வந்தது. குரலுக்குப் பின்னால் கையில் கரண்டியோடு மேஷ்ட்ருவின் மனைவி வந்தார். அவர் அந்த வீட்டில் இருக்கிறார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

"இந்தப் படத்தை மாட்டின நாள்லேர்ந்து பாத்துட்டு இருக்கேன்" என்று கரண்டியால் தாஜ்மகாலைச் சுட்டினார். "நல்ல மே மாச வெயிலு. கைல குழந்தை. ஒரு வாய் தண்ணி கேட்டேன். 'இரு, நாலு மினாரும் படத்துல விழணும்'னார். பிரியமாம், பிரியம்!"

மேஷ்ட்ரு படத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "வெயில்ல கண்ணு கூசி நீ அப்படி நின்னேன்னுல்ல நினைச்சேன்" என்றார், சின்னக் குரலில்.

"நினைப்பீங்க" என்றார் அந்த அம்மாள். பிறகு சாம்ராட்டின் பக்கம் திரும்பி, "சாவியை அந்தப் பொண்ணு கைல குடு" என்றார். ஸ்டெல்லாவை உட்கார வைத்து முதலில் தண்ணீர் கொடுத்தார், அப்புறம் காபி.

வெளியே வந்து மொபெட்டை உதைக்காமல் சாம்ராட் வெகுநேரம் நின்றார். "ஏனுங்க, இத்தனை வருசமா ஹால்ல உக்காந்திருக்கறவங்களை மட்டும் கேட்டுப்போட்டு வந்திருக்கேனே! வீட்டுல குடியிருக்கறது அவங்களா?" என்றார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நேராகச் சமையல்கட்டு வாசலில் நின்று, "அக்கா, ரெண்டே கேள்விங்க" என்று ஆரம்பித்தார். தொழில் முன்பைவிட நன்றாக நடந்தது. செல்போன் ஆப்பில் வீடு தேடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பார். "அதுல ரெண்டு பெட்ரூம்னு போட்டா வருமுங்க. துக்ளக்னு போட்டா வருமா?"

எங்கள் மகள் அந்த மாடிக்குத்தான் வந்தாள். அழுதாள், நன்றாகவே அழுதாள். கீழேயிருந்து மேஷ்ட்ருவின் மனைவி ஏறி வந்து தூக்கிக்கொண்டு போவார். தாஜ்மகால் படம் ஹாலிலிருந்து இறங்கிப் பக்கத்து அறைக்குப் போய்விட்டது. நானும் மேஷ்ட்ருவும் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றைக்கும் கொலம்பஸைத் திட்டுகிறோம். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் வீடு மாறவே இல்லை. "உங்களால எனக்கு ஒரு லாபமும் இல்லீங்க" என்று சாம்ராட் பார்க்கும்போதெல்லாம் குறைப்பட்டுக்கொள்வார்.

அவரைக் கிண்டல் செய்தே இவ்வளவு எழுதிவிட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன். என்ன ஆட்கள், என்ன பாஷை, சட்டியில் என்ன வேகிறது என்று கேட்கத் திறக்கும் வாய்களை, எப்போதோ செத்துப்போன ராஜாக்களைக் காட்டி அந்த மனிதர் அடைத்துவிட்டார். கொலம்பஸைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு யாருக்கும் தமிழர் கன்னடர் ஞாபகம் வருவதில்லை. அதை அவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

போன மழையில் மொபெட் வழுக்கி சாம்ராட்டுக்குக் கால் எலும்பு முறிந்தது. அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாதான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஊருக்கே வீடு பிடித்துக் கொடுத்தவர் குடியிருந்தது ஒரு கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், செங்குத்தான இரும்புப் படிக்கட்டு ஏறிப் போகிற ஒற்றை அறை. தனி ஆள். கட்டுப்போட்ட காலோடு அதில் ஏற அவரால் முடியாது. ஆட்டோவில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வாசலில் மேஷ்ட்ருவின் மனைவி வழியை மறித்துக்கொண்டு நின்றார். கையில் அந்தப் பக்கத்து அறையின் சாவி.

"ரெண்டே கேள்வி" என்றார். "பிடிச்சவர் யாரு?"

"துக்ளக்குங்க்கா. எனக்குச் சோறு போட்டவரு."

"பிடிக்காதவர்?"

சாம்ராட் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். அந்த அம்மாளைப் பார்த்தார், மேஷ்ட்ருவைப் பார்த்தார், தலையணையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"யாருமில்லீங்க்கா" என்றார்.

அவருடைய சட்டப்படியே அவருக்கு வீடு கிடையாது. மேஷ்ட்ரு வாய்விட்டுச் சிரித்தார். "சுள்ளு!" என்றார் அந்த அம்மாள். பொய் என்று அர்த்தம். சொல்லிவிட்டுத் தானே போய் அறையைத் திறந்துவிட்டார்.

இப்போது கால் சரியாகிவிட்டது. தாஜ்மகாலுக்கு அடியில் கட்டில் போட்டுத் தூங்குகிறார். குழாய் சொட்டுகிறது, ஜன்னல் சரியாக மூடவில்லை, இந்த அறையிலிருந்து மட்டும் மலை தெரியவில்லை என்று தினம் ஒரு குற்றம் சொல்கிறார். "எனக்குன்னு ஒரு ரூம் பாத்துக் குடுங்க, கிளம்பிப்போடறேன்" என்று வாரம் தவறாமல் கேட்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்று ஸ்டெல்லா சொல்வாள், மேஷ்ட்ருவும் சொல்வார், நானும் சொல்வேன்.

நாங்கள் யாரும் பார்க்கவில்லை.