ஐந்து நாள் கோபம்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மனைவியோடு சண்டை போட்டே தீருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவு கட்டினார். அதுவும் மதியம் மூன்று மணிக்குள். அதற்கு மேல் தைரியம் தாங்காது.

காரணம் இருந்தது. மூன்று நாளைக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் கண் பரிசோதனைக்கு வந்தார். பரிசோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் காற்றும் உள்ளேயே உட்கார்ந்துவிடும். அந்த மனிதர் சுவரில் இருந்த எழுத்துகளை வரி வரியாகப் படித்தார். வரிக்கு ஒரு தும்மல் போட்டார். நம்மவர் மூக்குக்கு மூக்கு நின்று லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தார். இன்று காலை அந்தத் தும்மல்காரரே போன் செய்து, "எனக்கு வைரஸாம், நீங்களும் பாத்துக்குங்க" என்றார். நம்மவருக்கு அதற்குள் தொண்டை கரகரக்க ஆரம்பித்திருந்தது. மருந்துக்கடையில் வைரஸ் சோதனை டப்பா வாங்கி, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார். இரண்டு கோடு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அப்போதும் இரண்டு கோடுதான்.

தன்னைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. மனைவிக்கு ஆஸ்துமா. போன வருஷம் ஒரு சாதாரண ஜலதோஷம் நெஞ்சுக்கு இறங்கி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை அந்த நாற்காலியில் உட்கார அவரால் ஆகாது.

காய்ச்சல் என்று சொன்னால் போச்சு. பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுவாள். தள்ளிப் போ என்றால் இன்னும் கிட்டே வருவாள். ஆகவே சண்டை. கோபித்துக்கொண்டு தனி அறைக்குப் போய்விட்டால் அவளும் வீம்புக்கு எட்டிப் பார்க்க மாட்டாள்.

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலிலேயே நின்றார். அவள் ஹாலில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சீக்கிரமே வந்துட்டீங்க? மாஸ்க் எதுக்கு?"

"கடையில தூசி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காதே. உன்னோட சண்டை போடணும்."

"போடுங்க."

சண்டைக்கு விஷயம் யோசித்து வைக்க மறந்துவிட்டார். கண்ணில் ஜன்னல் திரை பட்டது.

"இந்தத் திரை ஏன் நீலமா இருக்கு?"

"நீங்கதானே எடுத்தீங்க."

"அதைத்தான் கேக்கறேன்! நான் எடுத்தா நீ தடுக்க வேண்டாமா? இனிமே உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. கோடி அறையிலதான் இருப்பேன். சாப்பாட்டைக் கதவுகிட்ட வெச்சிட்டுப் போயிடு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி" என்றாள்.

அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன நடிப்பு! ஆனாலும் இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒற்றை 'சரி'தானா என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

பத்து நிமிஷத்தில் கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

"கோபக்காரரே, ஜன்னலைத் திறந்து வைங்க. கோபம் வெளியில போகட்டும்."

"நக்கலா?"

"பிளாஸ்க்ல வெந்நீர் இருக்கு, சூப் இருக்கு. கோபத்துல உடம்பு சுடும். தெர்மாமீட்டரும் வெச்சிருக்கேன்."

"எனக்கு எதுவும் வேண்டாம்!"

"தட்டைத் தனியாவே வைங்க, சோப்புப் போட்டுக் கழுவணும். உங்க கோபம் எனக்கும் ஒட்டிக்கும். தட்டை எடுக்க நான் மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் வருவேன். உங்க முகத்தைப் பாக்கப் பிடிக்கல."

வாய்க்கொழுப்பைப் பாரேன் என்று கறுவிக்கொண்டே தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வைத்தார். நூற்றொன்று.

இரண்டு நாள் இப்படியே போனது. காய்ச்சலில் கிடந்தவருக்குத் தையல் மெஷின் சத்தம்தான் துணை. அது ஓடும்வரை அவள் நன்றாக இருக்கிறாள். நின்றால் இவருக்கும் மூச்சு நிற்கும். மறுபடி ஓடினால்தான் வரும்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மெஷின் நின்றது. ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பத்து நிமிஷம் ஆனது. அப்புறம் ஒரு இருமல் கேட்டது.

ரோஷமாவது ஒன்றாவது! முகக்கவசத்தைக் கோணலாக மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"மூச்சு முட்டுதா? இன்ஹேலர் எங்கே? ஆஸ்பத்திரிக்குப் போலாம், கிளம்பு!"

"அங்கேயே நில்லுங்க!" அவள் கையில் உடைந்த தையல் ஊசி இருந்தது. "ஊசி மாத்திக்கிட்டிருக்கேன். துணித் தூசி, அதான் இருமினேன். தினமும் குச்சி விட்டுப் பாக்கறேன். இன்னைக்கும் ஒரே கோடுதான்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

"குச்சியா? அப்போ உனக்கு... எப்போ தெரியும்?"

"நீங்க வாசல்ல நின்னப்பவே. 'தப்பா நினைச்சுக்காதே'ன்னு சொல்லிட்டு எவனாவது சண்டைக்கு வருவானா?"

"தெரிஞ்சுமா என்னை மூணு நாள் கோபக்காரனா வெச்சிருந்தே?"

"வேற எப்படி வெக்கறது? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உங்களுக்குச் சளி பிடிச்சப்ப, தனியா இருங்கன்னு சொன்னேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சமையலறைக்கு வந்து, 'தனியாத்தான் இருக்கேன்'னு சொல்லிட்டுப் போனீங்க. கோபம்னா ரோஷத்துல உள்ளேயே கிடப்பீங்க." அவள் குரல் இறங்கியது. "எனக்கு வந்துடக் கூடாதுன்னுதானே அந்தக் கூத்து அடிச்சீங்க? நானும்தான் கதவுக்கு இந்தப் பக்கம் உங்க இருமலை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவர் உருகிப் போனார். "அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே. ஹால் ஓரமா ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கறேனே? பேசக்கூட மாட்டேன்."

"டாக்டரைக் கேட்டுட்டேன். இன்னும் ரெண்டு நாள் அறைக்குள்ளதான். அப்புறமும் கொஞ்ச நாள் மாஸ்க்."

"ஒரு அரை மணி நேரம்?"

"ம்ஹூம்."

"கால் மணி? அந்த ஜன்னல் பக்கம்?"

அவள் புது ஊசியை மெஷினில் பொருத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க கடை போர்டு இருக்கே..."

"அதுக்கென்ன? நானே என் கையால எழுதினது."

"அதான் ஊரே சிரிக்குது. அதைப் படிக்கறதுக்கே ஒரு கண்ணாடி வேணுமாம்."

அவர் முகம் சிவந்தது. "நீயா இப்படிச் சொல்றே? நீயா? இனிமே உன் முகத்துலேயே முழிக்க மாட்டேன்!"

உள்ளே போய், நிலை அதிரக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார். வெளியே புது ஊசி மாட்டிய மெஷின் ஓட ஆரம்பித்தது. அதற்கு நடுவே அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அவருக்கு நன்றாகவே கேட்டது.

"ரெண்டு நாள் தாங்கும்."