காற்றில் பாதிக்குப் பாதி

இனிமேல் இந்த வீட்டில் நியாயம்தான் நடக்கும் என்று காலடிப்பேட்டை பகலவன் அறிவித்தான். கேட்பதற்கு இருந்தது ஒரே ஆள், அவன் மனைவி அன்புக்கரசி. அவள் வாயில் குண்டூசி இருந்ததால் உடனே பதில் வரவில்லை. அந்த மௌனத்தை பகலவன் மரியாதை என்று எடுத்துக்கொண்டான். அவன் எதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான்.

மே மாதம். பகலவனுக்குப் பேர் மட்டும்தான் சூரியனுடையது. உடம்பு குச்சி ஐஸ். வெயில் கொஞ்சம் பட்டாலே ஒழுக ஆரம்பித்துவிடும். அதனால் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் ஒரு வருஷ லீவையும் சேர்த்து வைத்து, மொத்தமாக மே மாதத்தில் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து ஒழுகுவான்.

ஹாலில் மேலே தொங்கிய ஃபேன் சித்திரையிலேயே மோட்டார் காயில் கருகி நின்றுபோயிற்று. அன்புக்கரசி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

"எலெக்ட்ரீஷியனா? அப்ப நான் எதுக்கு கீறேன்?" என்று தடுத்தான் பகலவன்.

அன்புக்கரசியும் அதையேதான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. பகலவன் ஃபேனை இறக்கினான், பிரித்தான், பாகங்களையெல்லாம் ஒரு பெயின்ட் பக்கெட்டில் போட்டு மூடினான். ரிப்பேர் அத்தோடு முடிந்தது.

மிச்சமிருந்தது ஒரு டேபிள் ஃபேன். அது தலையாட்டுவதை நிறுத்தி வருஷமாகிறது. அந்த வீட்டில் தலையாட்டும் வேலையைப் பகலவனே பார்த்துக்கொண்டதால், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அதுதான் பிரச்சினை. ஜன்னலோரம் அன்புக்கரசியின் தையல் மெஷின். ஸ்கூல் திறக்கப்போகிற சமயம், ஏரியாப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் எல்லாம் அவள் காலடியில் மலையாகக் கிடந்தது. மணலி ஆலைகள் பக்கமிருந்து கெமிக்கல் வாடை அடித்தால் அந்த ஜன்னலையும் சாத்த வேண்டும். எதிர்ச் சுவரோரம் பிளாஸ்டிக் சேர். சேரில் பகலவன், பகலவன் கையில் செல்போன். ஃபேனோ ஒரு பக்கம்தான் பார்க்கும். அவள் தன் பக்கம் திருப்புவாள். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் இவன் தன் பக்கம் திருப்புவான்.

இதற்கு விஞ்ஞானத்தில் தீர்வு உண்டு என்று யூடியூபில் யாரோ சொன்னார்கள். மறுநாளே பகலவன் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், ஒரு பிரியாணி விலைக்கு, சோடா மூடி அகலத்தில் ஒரு மோட்டாரும் அதை ஓட்ட ஒரு போர்டும் வாங்கி வந்தான்.

"இது இன்னா தெரியுமாமே? ஸ்டெப்பர் மோட்டார். சாதா மோட்டாரு குடிகாரன் மாறி சுத்திகினே கெடக்கும். இது ஒவ்வொரு அடியா எண்ணி வைக்கும். நான் நடன்னா நடக்கும், நில்லுன்னா நிக்கும்."

அன்புக்கரசி குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். "நல்லது. உன் பேச்ச கேக்க வூட்ல ஒண்ணாவது வேணாமா?"

முதல் சோதனைக்கு பக்கத்துப் போர்ஷன் லூயிஸ் வந்து உட்கார்ந்தான். காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிறவன். அடுத்தவன் வீட்டு வேடிக்கை என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவான். பகலவன் மோட்டார் முனையில் ஒரு பலகையை மாட்டி, அதன் தலையில் ஃபேனை ஏற்றி, ஸ்விட்சைப் போட்டான். கொசு கொட்டாவி விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. மோட்டார் நடுங்கியது, சூடானது. ஃபேன் நின்ற இடத்திலேயே நின்றது.

"மாமு, இது கடியார முள்ள தள்ற மோட்டாருபா," என்றான் லூயிஸ். "இதும் தலைல போய் ஃபேன வச்சிகினு கீறியே, பாவம்பா."

"உனக்கு ஐஸ் தெரியும். அத்த மட்டும் பேசு."

பகலவன் சமையலறைக்குள் போனான். அன்புக்கரசியின் தங்கை இவர்கள் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்த சுழலும் மசாலாத் தட்டோடு வெளியே வந்தான். அடியில் பேரிங் குண்டு பொருத்திய தட்டு, விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு சுற்றும். இன்னொரு கையில் குக்கர் ரப்பர். ஃபேனைத் தட்டின் மேல் ஏற்றி, தட்டையும் மோட்டாரையும் அந்த ரப்பரால் பட்டை போட்டு இணைத்தான்.

"யோவ், என் குக்கரு ரப்பரு!"

"நியாயத்துக்கு ஒரு ரப்பர் தர மாட்டியா?"

அன்று அவள் குக்கர் இல்லாமல் பானையில் சோறு வடித்தாள். ஆனால் ஃபேன் திரும்பியது, அதை மறுக்க முடியாது. தேர் அசைகிற மாதிரி மெதுவாகத் தையல் மெஷின் பக்கம் வந்து நின்றது. பிறகு சேர் பக்கம் போய் நின்றது. பகலவனுக்கு நெஞ்சு விம்மியது.

"பாதிக்குப் பாதி!" என்றான். "என் பக்கம் எவ்ளோ நேரமோ, உன் பக்கமும் அவ்ளோ நேரம். மனுசன் பொய் சொல்வான். மெஷின் சொல்லாது."

லூயிஸ் கை தட்டினான்.

மெஷின் பொய் சொல்லவில்லைதான். அதற்குப் பகலவன் சொல்லிக்கொடுத்ததுதான் பொய். லேப்டாப்பில் அவன் எழுதிய புரோகிராமில் ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று இரண்டு எண் உண்டு. தன் பக்கத்து எண்ணை நாலு மடங்காக எழுதியிருந்தான். லீவில் இருக்கிற உடம்புக்குக் காற்று அதிகம் தேவை என்பது அவன் கொள்கை. உழைக்கிறவளுக்குத்தான் வேர்வை பழக்கமாயிற்றே!

மூன்றாம் நாள் அன்புக்கரசி கேட்டாள்.

"இன்னாய்யா, என் பக்கம் வந்தா ஊசில நூல் கோக்கறதுக்குள்ள கெளம்பிடுது. உன் பக்கம் போச்சுன்னா ஒரு காலரே தச்சி முடிச்சிடறேன், இன்னும் அங்கியே கீது?"

"அது மனசுமே. சொகமா கீற நேரம் சீக்கிரம் ஓடிடும். கஷ்டமா கீற நேரம் நவுராது. சைன்ஸு."

"ஓ. சைன்ஸா."

அவள் அவ்வளவுதான் சொன்னாள். அவள் சுருக்கமாகப் பேசினால் பயப்பட வேண்டும் என்று பத்து வருஷக் கல்யாணம் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். பகலவன் எதையும் கற்றுக்கொள்கிற ரகமில்லை, கண்டுபிடிக்கிற ரகம்.

அன்று சாயங்காலம் லூயிஸுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆமா மாமு, எந்தாண்ட நீ, எந்தாண்ட அண்ணின்னு அதுக்கு எப்டி தெரியும்?"

பகலவன் இளக்காரமாகச் சிரித்தான். "அதுக்கு கண்ணா கீது? ஒரு மண்ணும் தெரியாது. ஸ்விட்ச் போடும்போது எந்தப் பக்கம் பாத்துகினு கீதோ, அதான் என் பக்கம்னு நெனச்சிக்கும். அங்கேர்ந்து அடிய எண்ணிகினு போவும், எண்ணிகினு வரும். எவனாவது தட்ட புடிச்சி திருப்பி வுட்டாகூட தெரியாது. அறிவு கம்மி, லூயிசு. ஆனா பணிவு ஜாஸ்தி."

தையல் மெஷின் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு வழக்கம்போல் ஓடியது.

மறுநாள் பகலவன் குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு வந்து சேரில் சாய்ந்தான். ஃபேன் அவன் பக்கம் வந்தது. ஆகா என்று கையைத் தூக்கினான். அக்குளுக்குக் காற்று போய்ச் சேருவதற்குள் ஃபேன் கிளம்பிவிட்டது. அன்புக்கரசியிடம் போய் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அவள் ஒரு காலரை முடித்தாள். ஒரு கையை முடித்தாள். நிதானமாக முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்பு, ஃபேனு உன் பக்கமே நிக்குதே?"

"அப்டியா? எனக்கு ஒண்ணும் தெர்லயே."

"ரொம்ப நேரமா நிக்குதுமே!"

"மனசுய்யா அது. கஷ்டமா கீற நேரம் நவுராது. சைன்ஸு."

"இல்லமே, நெஜமாவே..."

"பாதிக்குப் பாதின்னு எழுதினது நீ. மெஷின் பொய் சொல்லாதுன்னு லூயிசு எதிர்ல சொன்னதும் நீ. இப்ப மெஷின் பொய்யா, நீ பொய்யா? ஒண்ணு சொல்லு."

பகலவன் வாயைத் திறந்தான். நாலு மடங்கு என்று சொன்னால், நாலு எங்கிருந்து வந்தது என்பாள். வாயை மூடிக்கொண்டு வேர்த்தான்.

அவள் பட்டன் வாங்கக் கடைக்குப் போன சமயம் தட்டைப் பிடித்துப் பழையபடி திருப்பினான். அவன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் காற்று மறுபடி அவளிடம் இருந்தது. சரி, தட்டு அவள் கையில் என்றால் எண் என் கையில் என்று லேப்டாப்பைத் திறந்து இரண்டு எண்ணையும் இடம் மாற்றினான். லேப்டாப் திறந்ததை அவள் பார்த்திருந்தாள். தட்டைச் சும்மா அரைச் சுற்று சுற்றிவிட்டாள். எண்ணை மாற்றினால் தட்டு மாறியது, தட்டை மாற்றினால் மறுபடி தட்டே மாறியது. மூளையைக் கசக்கி அவன் ஒரு மணி நேரம் செய்ததை, அவள் சுண்டுவிரலால் அழித்தாள். மோட்டாரோ யார் வீட்டிலோ நடக்கிற சண்டை மாதிரி, அடி எண்ணிப் போய் அடி எண்ணி வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மணலி வாடை வந்து ஜன்னலைச் சாத்தினார்கள். ஹால் அடுப்பானது. லூயிஸும் வந்து உட்கார்ந்திருந்தான். ஃபேன் அன்புக்கரசி முன்னால் குடித்தனமே நடத்தியது. பகலவனின் துண்டு நனைந்தது, பனியன் நனைந்தது, கடைசியில் பொறுமையும் நனைந்து கிழிந்தது.

"இது அநியாயம்மே!" என்று எழுந்து கத்தினான். "நாலு மடங்கு என் பக்கம்தான் வச்சேன்! அது எப்டி உன் பக்கம் வரும்?"



"நாலு மடங்கா?" என்றான் லூயிஸ். "மாமு, பாதிக்குப் பாதின்னியே, நான் கைய வேற தட்னனே!"

அன்புக்கரசி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லூயிசு, நீ கேட்டேல்ல? சாட்சிக்கு போதும்." பிறகு புருஷனைப் பார்த்தாள். "அந்த நாலு மடங்கு காத்தும் உன்துதான்யா. நான் எடுத்துக்க மாட்டேன். வந்து வாங்கிக்கோ. இங்க, என் காலாண்ட உக்காரு."

பகலவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சேர் அனலாக இருந்தது. காற்று அங்கே இருந்தது. தரையில் போய் உட்கார்ந்தான். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும், ஜெயித்துவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அதற்குள் அவன் மடியில் சட்டைகள் வந்து விழுந்தன. ஒரு டப்பா பட்டன் விழுந்தது. நூல் கோத்த ஊசி கைக்கு வந்தது.

"சும்மா உக்கார இடமில்லய்யா இது. வேலை செய்ற பக்கம்."

லூயிஸ் எழுந்து பாதி திறந்த கதவைச் சாத்தாமலே ஓடினான். காலடிப்பேட்டைக்குச் செய்தி போய்ச் சேர அது போதும். பகலவன் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் சட்டையில் பட்டன்களை வரிசையாகத் தைத்தான். விஞ்ஞானிக்கு ஊசி எம்மாத்திரம் என்று காட்ட, இறுக்கி இறுக்கி முடிச்சும் போட்டான். நிமிர்ந்து, சட்டையைப் பெருமையாக அவளிடம் நீட்டினான்.

அன்புக்கரசி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யோவ், அத்தினி பட்டனும் உள்பக்கம் கீது. பிரிச்சி தை."