நெஞ்சில் உட்கார்ந்த துரை

பதினாறு, பதினேழு, பதினெட்டு... இன்னும் மூச்சு வரவில்லை. இத்தனை பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்களே, ஒருவருக்காவது பயம் வரவில்லையா? சண்முகவடிவு மனசுக்குள் பத்தொன்பது எண்ணியபோது, பூசாரி சிவசாமி வேப்பிலையை ஓங்கி, "கோ! கெட் அவுட்!" என்று கத்தினார். பாயில் மல்லாந்து கிடந்த அவள் புருசன் இராமையாவின் தோளைப் பிடித்து, அம்மன் படம் தொங்கிய சுவர்ப்பக்கம் திருப்பினார். மூச்சு வந்தது.

"போயிருச்சு! தொரை எறங்கிருச்சு!" தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கந்தப்பளைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இதுதான் திருவிழா. இராமையாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது. ஒரு மனிதர் தூங்குவதைப் பார்க்க ராகலையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். வாசலில் கடலைக்காரன் வேறு.

சிவசாமியின் கண்டுபிடிப்பு லேசானதல்ல. எழுபது வருசத்துக்கு முன் குதிரையிலிருந்து விழுந்து செத்த வெள்ளைக்காரத் துரை, இராமையாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கழுத்தை நெரித்து, ஞாபகத்தைத் தின்கிறாராம். ஜனங்கள் உடனே நம்பினார்கள். நாலு தலைமுறையாக நெஞ்சில் துரையைச் சுமந்தவர்களுக்கு, செத்ததும் இறங்கிவிடுவார் என்று நினைக்க என்ன நியாயம் இருக்கிறது? துரைக்குத் தமிழ் மந்திரம் புரியாது, ஆகவே இங்கிலீஷ். சிவசாமிக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த மூன்று சொல்தான். படையலில் சுருட்டும் சாராயமும் துரைக்கு. குடித்து முடிப்பது சிவசாமி.

வடிவுக்குச் சிரிக்க முடியவில்லை. போன மாதம் இராமையா வேலை முடிந்து வந்து, பன்னிரண்டு கதவுகளில் தன் கதவு எதுவென்று தெரியாமல் மழையில் நின்றார். இன்னொரு நாள் பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரு புள்ள?" என்றார். ஐம்பத்திரண்டு வயசுதான். இந்த முகத்திலிருந்து ஒருநாள் நானும் அழிந்துபோவேனோ என்ற பயம் கொழுந்து பறிக்கும்போதும் அவள் கூடவே நடந்தது.

நுவரெலியா கிளினிக்கில் டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "தூக்கத்தில தொண்டை அடைச்சு மூச்சு நிக்குது. அப்ப மூளைக்கு ஒக்சிஜன் குறையுது. வருசக்கணக்கா அப்பிடி நடந்தா, மறதி நோய்க்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். உறுதியாச் சொல்ல ஏலாது, சோதிக்கணும். செவ்வாய்க்கிழமை வாங்க. அதுவரைக்கும் மூச்சு எவ்வளவு நேரம் நிக்குது, எப்பிடிப் படுத்தா நிக்குதுன்னு பார்த்துக்கொண்டு வாங்க."

பார்த்தாள். அவளுக்கு ஒன்று பிடிபட்டது.

ஆனால் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கிளினிக் கொப்பியைச் சிவசாமி பிடுங்கித் தன் மடியில் செருகிக்கொண்டிருந்தார். "நாப்பத்தெட்டு நாளைக்கு ஆஸ்பத்திரி வாசல மிதிக்கக் கூடாது தாயி. மிதிச்சா கட்டு அறுந்துரும்."

"சாமி, ஒரு சின்னச் சந்தேகங்க," என்றாள் வடிவு. "தொரையை வெரட்டுறது மந்திரந்தானே? அப்ப தோளப் புடிச்சுத் திருப்புறது எதுக்குங்க? இந்தத் தடவ அவரு மல்லாக்கவே கெடக்கட்டும். மந்திரம் மட்டும் சொல்லுங்க."

"அதானே!" என்றாள் பக்கத்து வீட்டு வேலாயி. கடலை தின்ற வாய்கள் நின்றன. சிவசாமி வேப்பிலையை மறுபடி கையில் எடுத்தார். வடிவு இராமையாவை மல்லாத்தினாள். சற்று நேரத்தில் மூச்சு நின்றது.

"கோ! கெட் அவுட்!"

துரை அசையவில்லை. வேப்பிலை உதிர்ந்தது. திருநீறு ஊதி ஊதி முன்வரிசை முழுக்கத் தும்மியது. கடைசியில் இராமையா தானாகவே திமிறி மூச்சை இழுத்தார்.

"போயிருச்சு!" என்றார் சிவசாமி, வேர்வையைத் துடைத்து. அரை நிமிசத்தில் மறுபடி நின்றது.

"தொப்பிய மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு போல," என்றாள் வேலாயி. "எடுக்கத் திரும்பி வந்திருக்காரு."

வடிவு குனிந்து, வாய் திறக்காமல், அவரை ஒருக்களித்துத் திருப்பினாள். அம்மன் பக்கமல்ல; அம்மனுக்கு முதுகு காட்டி, வாசல் பக்கமாக. குறட்டை இருந்தது. ஆனால் மூச்சு ஒழுங்காக வந்தது. வேப்பிலை இல்லை, இங்கிலீஷ் இல்லை. இது வைத்தியம் அல்ல என்று அவளுக்குத் தெரியும். இனித்தான் வைத்தியம்.

"வடிவு கைக்குத் தொரை பயந்துட்டாரு," என்றார் ஒரு பெரியவர், பக்தியோடு. சிலருக்கு எதைக் காட்டினாலும் பேய்தான் தெரியும். மற்றவர்கள் சிவசாமியைப் பார்க்கத் தொடங்கினார்கள். சாராயப் போத்தலையும் பார்த்தார்கள்.

சிவசாமி அவள் காதருகே வந்தார். "இந்தா தாயி, கொப்பிய வச்சுக்க. நீ வீட்டுக்குத் தூரம், அந்தத் தீட்டுலதான் மந்திரம் பலிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிரு. பொம்பளைக்கு அதுல என்ன கொறஞ்சிரப் போகுது? எம் மானம் தப்பும்."

கொப்பியை வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தைதான். எத்தனை பூசாரிகளின் தோல்வியை எத்தனை பெண்கள் இப்படித் தங்கள் உடம்பின் மேல் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்கள்!

"இல்லீங்க," என்றாள், குரல் உயர்த்தாமல். "நான் சொல்லமாட்டேன். மந்திரம் பலிக்காமப் போனது நான் யோசிச்சதாலதாங்க. யோசிக்கிறது தீட்டுன்னா, அது இந்த லயத்துல எல்லாருக்கும் வரட்டுங்க."